அத்தானின் டூப்ளிகேட்

புனேயில் எங்கள் போபோடி வீட்டில் டிவிப் பெட்டிக்கு மேலே ஒரு கை இருக்கும். மற்றவர்கள் வீட்டில் பிளாஸ்டிக் பூச்சாடி வைக்கிற இடம் அது. அக்கா பின்னிய நூல் விரிப்பின்மேல், ஐந்து விரலும் லேசாக மடங்கி, யாரோ சில்லறை போடப் போகிறார்கள் என்பதுபோல் மல்லாந்து கிடக்கும். ரப்பர் கை. மணிக்கட்டுக்குக் கீழே முழங்கை வரைக்கும் இறுக்கிக் கட்ட ஒரு தோல் பட்டை தொங்கும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனில் தொடங்கி ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்த டீச்சர் வரைக்கும், முதல் தடவை பார்க்கிற எல்லோரும் ஓரடி பின்னால் போவார்கள். அத்தான் பாயில் உட்கார்ந்தபடியே சிரித்துக்கொண்டு, "பயப்படாதீங்க, கடிக்காது. டூப்ளிகேட்" என்பார். வந்தவர் மராட்டிக்காரர் என்றால் இந்தியில் சொல்வார். அப்போதும் அந்த ஒரு வார்த்தை மட்டும் மாறாது.

அத்தான் என் அக்காவின் கணவர். அக்கா எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள். அப்பா ரிட்டயர் ஆனதும் அவரும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்கள். படிப்பு முடிகிற வரைக்கும் என்று அக்கா வீட்டில் தங்கினவள், படிப்பு முடிந்து பல வருஷம் ஆகியும் அங்கேயே கிடந்தேன். அத்தான் பிம்ப்ரியில் ஒரு சின்னப் பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டினார். தகடு வைக்க வேண்டும், மிதிக்க வேண்டும், எடுக்க வேண்டும். நாள் முழுக்க அதுதான் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்து மத்தியானம், வைப்பதற்கும் எடுப்பதற்கும் நடுவில், வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்து, அலறிக்கொண்டு நின்ற அக்காவைப் பார்த்து அவர் சொன்ன முதல் பேச்சு, "நல்லவேளை, வாட்ச் இடது கைல கட்டிருந்தேன்" என்பதுதான். அக்கா அழுகையோடு அழுகையாக அவரைத் திட்டித் தீர்த்தாள். நான் வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன், அப்புறம் ஓவென்று அழுதேன். அப்போது அவர்கள் மகளுக்கு எட்டு வயது.

பட்டறை முதலாளி அவரைக் கேட்டில் உட்காரவைத்து, வருகிற போகிறவர்களுக்கு நேரம் குறிக்கும் வேலை கொடுத்தார். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். செயற்கைக் கை கால் செய்கிற இடத்துக்கு அக்காவும் நானும்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். அளவெடுத்தவர் உள்ளே போய்க் கொண்டுவந்து போட்டுப் பார்த்த கை கச்சிதமாகப் பொருந்தியது. ஒரே ஒரு கோளாறு. கை வெளேரென்று இருந்தது. அத்தானோ எங்கள் பக்கத்துக் கரிசல் மண் நிறம். அவர் அளவுக்கு இருப்பது இது ஒன்றுதான், கறுப்பாக வேண்டுமென்றால் ஆறு மாதம் காத்திருக்கணும் என்றார்கள். அத்தான் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், ஒரு கையாவது செவப்பா இருந்துட்டுப் போகுது" என்று வாங்கிக்கொண்டார். வெளியே போகும்போது மாட்டிக்கொள்வார், வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுகிற மாதிரி கழற்றி டிவி மேல் வைப்பார். "ஏட்டி, அந்த டூப்ளிகேட்ட எடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பது எங்கள் வீட்டில் காலையில் கேட்கிற சத்தம். கொழுந்தியாள் என்கிற உரிமையில் நான் மட்டும் அதற்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டலாமா, மருதாணி வைக்கலாமா என்று கேட்டு வம்பு பண்ணுவேன். ஒரு தீபாவளிக்கு நிஜமாகவே நகப்பூச்சு பூசிவிட்டேன். அதைக் கவனிக்காமல் வேலைக்குப் போய், கேலி தாங்காமல் அன்றைக்கு முழுக்கப் பட்டறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுக்க வேண்டியதாகிவிட்டது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த வார்த்தையைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அகராதியைப் புரட்டினால் ஒன்றைப் போலவே இன்னொன்று, நகல், இரட்டை என்று மரியாதையாகத்தான் போட்டிருக்கிறது. எங்கள் வாயில் அது வேறு பிழைப்பு பிழைத்தது. போபோடிச் சந்துக் கடைகளில் வாட்ச், பேட்டரி, கூலிங்கிளாஸ், ஸ்கூட்டர் சாமான், பேர் போன கம்பெனியின் செருப்பு எதைக் கேட்டாலும், "ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?" என்று கடைக்காரனே கேட்பான். கேட்பதில் அவனுக்கும் வெட்கமில்லை, வாங்குவதில் எங்களுக்கும் வெட்கமில்லை. தமிழில் போலி என்று ஒரு சொல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் போலி என்றால் கூடவே போலீஸும் வந்து நிற்கும். போலி டாக்டர், போலிச் சாமியார். இந்தியில் நக்லி என்றால் சண்டை வரப்போகிறது என்று அர்த்தம். டூப்ளிகேட் அப்படியில்லை. அதில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது, இவ்வளவுதான் நம்மால் முடியும் என்கிற ஒப்புதல் இருந்தது. இப்போது நான் இருக்கும் வாகடில், பெரிய கண்ணாடிக் கடைகளில் அதையே ஃபர்ஸ்ட் காப்பி என்று நாக்கைச் சுழற்றிச் சொல்லி விற்கிறார்கள், சாமான் என்னவோ அதேதான். அத்தானுக்கு இதில் ஒரு கட்சி உண்டு. "சொல்லிட்டுக் குடுத்தா டூப்ளிகேட். சொல்லாமக் குடுத்தா களவாணித்தனம்" என்பார். அந்தக் கட்சியை அவரே ஒரு நாள் மீற வேண்டி வந்தது. மீறவைத்தது நான். இதை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

ஹிஞ்சவடிக்கு கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து, வாகடில் கட்டடங்கள் முளைக்கத் தொடங்கிய வருஷங்கள். அக்கா மகளுக்கு இருபத்தொன்று முடிந்திருந்தது. ஒரு வரன் வந்தது. பையனுக்கு ஹிஞ்சவடியில் வேலை. குடும்பம் எங்கள் ஜில்லாதான், தேஹு ரோட்டில் குடியிருந்தார்கள்; பையனின் அப்பா மிலிட்டரி ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போட்டோ பிடித்துப்போய், ஜாதகமும் பொருந்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணைப் பார்த்து அப்படியே பூவும் வைத்துவிடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு நாள் கழித்து அவளுக்குப் பயம் வந்துவிட்டது. தரகர் அத்தானுடைய கையைப் பற்றி அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. முதல் முதலாக வருகிறவர்கள் கையில்லாத மனுஷனைப் பார்த்து அபசகுனமாக நினைத்துவிட்டால்? பூ வைக்கிற வரைக்கும் தெரியாமல் இருக்கட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். "அப்பா எப்பவும் போல இருக்கட்டுமே" என்று அக்கா மகள் சொன்னாள். சின்னப் பிள்ளை, உனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் வாயை அடைத்தோம். அத்தான், "வேண்டாம்ட்டி" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் கேட்டால்தானே. அப்போது நான் கட்கி பஜாரில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை பார்த்தேன். கலர் மேட்ச் பண்ணுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எனக்கு. வெள்ளைக் கையை அத்தானின் நிறத்துக்குக் கொண்டுவருவது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முகத்துக்குப் பூசுகிற எந்தக் கிரீமும் ரப்பரில் ஒட்டவில்லை, திட்டுத்திட்டாக வழிந்தது. கடைசியில் பிரவுன் பாலீஷும் கறுப்பு பாலீஷும், ஆமாம், பூட்ஸுக்குப் போடுகிற பாலீஷ்தான், கலந்து, பார்லரிலிருந்து எடுத்துவந்த பான்கேக் மேக்கப்பைக் குழைத்துப் பூசினேன். விரல் மடிப்புகளில் கொஞ்சம் கூடுதலாக, நகத்தைச் சுற்றிக் கொஞ்சம் குறைவாக. அத்தானின் இடது கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். முடிந்ததும் வைத்துப் பார்த்தால் எது எது என்று எனக்கே ஒரு நொடி குழம்பியது. அக்கா எனக்கு நெட்டி முறித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார்கள். அத்தான் முழுக்கைச் சட்டை போட்டு வாசலில் நின்றார். இரண்டு கையையும் சேர்த்து வணக்கம் சொல்வது, தட்டை அக்கா எடுத்துக் கொடுப்பது என்று எல்லாம் ஒத்திகை பார்த்திருந்தோம். மிலிட்டரி மனிதர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு என்பதை மட்டும் நாங்கள் மூன்று பேரும் மறந்துபோனோம். பையனின் அப்பா படியேறி வந்ததும், கும்பிட்டுக்கொண்டிருந்த அத்தானின் வலது கையைத் தானே இழுத்து, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து நன்றாகக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே இருந்தவர் முகம் மாறியது. கையை விட்டார். தன் உள்ளங்கையைப் பார்த்தார். இரண்டு கையிலும் பாலீஷ். என்ன ஏதென்று யோசிக்காமல் வேட்டியில் துடைத்தார். பட்டு வேட்டியில் நாலு விரல் அகலத்துக்குக் கறை. அத்தானின் கையில், துடைத்துப்போன இடத்திலெல்லாம் வெள்ளை வெள்ளையாய்த் தெரிந்தது.

பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. அத்தான் சட்டைக் கையைச் சுருட்டி, பட்டையை இடது கையால் அவிழ்த்து, கையைக் கழற்றிப் பக்கத்து ஸ்டூலில் வைத்தார். "மன்னிச்சுக்கிடுங்க. இது டூப்ளிகேட். ஒரிஜினல் மிஷின்ல போயி பதிமூணு வருஷமாச்சு" என்றார். சிரிக்க முயற்சி பண்ணினார், வரவில்லை. பையனின் அப்பா ஏதோ சமாதானமாகச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பையனின் அம்மா முன்னால் வந்துவிட்டார். கோபத்தைவிட ஏமாந்துவிட்டோம் என்கிற பதற்றம்தான் அவர் முகத்தில் இருந்தது என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குக் காதில் விழுந்தது அவர் சொன்ன வார்த்தை மட்டும்தான். "அப்பன் கையே டூப்ளிகேட்டுன்னா, பொண்ணு மட்டும் ஒரிஜினல்னு என்னத்தக் கண்டோம்?" காப்பித் தட்டோடு அக்கா மகள் உள்கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அவர்கள் கொண்டுவந்த பூவை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

நான் அத்தான் முகத்தைப் பார்க்க முடியாமல் மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் பொறுத்து அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு திட்டு திட்டியிருந்தால் ஆறியிருப்பேன். "கலரு நல்லாத்தாம்ட்டி வந்திருந்துச்சு. கொஞ்சம் காய விட்டிருக்கணும்" என்றார். மன்னிச்சிருங்க அத்தான் என்று நான் அழ அழ, அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம மூணு பேரும் சேந்து பண்ணுனது. சொல்லாமக் குடுக்கப் பாத்தோம்லா" என்றார். அந்த 'நம்ம'வில் அவர் தன்னையும் சேர்த்துக்கொண்டதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அக்கா மகள் அழவில்லை. அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், அப்பாவோடு வழக்கமாக அடிக்கிற அரட்டை மட்டும் நின்றுபோனது. வாரக் கடைசியில் அந்தப் பையன் போன் பண்ணினான். கொஞ்சம் தட்டுத்தடுமாறின தமிழ், நடுநடுவே இந்தி. "அங்கிள், எனக்கு உங்க கை பிராப்ளமே இல்ல" என்றான். "தம்பி, எனக்கும் கை பிராப்ளம் இல்லய்யா. வார்த்தைதான் பிராப்ளம்" என்று அத்தான் போனை வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, கையை மாட்டாமல் கிளம்பினார். நானும் வருவேன் என்று அடம்பிடித்து லோக்கல் ரயிலில் ஏறிக்கொண்டேன். அக்கா என்னைத் தனியாக இழுத்து, எப்படியாவது கெஞ்சிக் கூத்தாடிப் பேசி முடித்துவிட்டு வாங்க என்றாள்.

அத்தான் கெஞ்சவில்லை. அவர்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முதலில், "மறைச்சது என் தப்பு. அதுக்கு நூறு தடவ மன்னிப்புக் கேக்கேன்" என்றார். பையனின் அப்பா, அதெல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி என்று எழுந்தே விட்டார். அத்தான் கையமர்த்தினார். கையில்லாத கையால்தான் அமர்த்தினார். பையனின் அம்மாவைப் பார்த்து, "அம்மா, அந்தப் பேரு என் கைக்கு நான் வச்சது. வலிய மறக்கதுக்கு வச்சேன். எம் மவளுக்கு அந்தப் பேர வைக்கதுக்கு ஒருத்தருக்கும் பாத்தியதை கிடையாது. கல்யாணம் நடக்கட்டும், நடக்காமப் போகட்டும். நீங்க அதத் திருப்பி எடுத்துக்கிடணும். எங்க வீட்டுல வச்சு, அவ கேக்கச் சொன்னீங்க. அவ கேக்கத்தான் எடுத்துக்கிடணும்" என்றார். குரல் ஏறவேயில்லை. அவ்வளவு நாளும் சிரிப்புக்காரர் என்று நினைத்திருந்த மனிதரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கிளம்பினோம். ரயிலில் வரும்போது, பாழாய்ப்போன ரோஷத்தால் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்று அவர் என்னிடம் கேட்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. அக்கா வேறு வரன் பார்க்கச் சொல்லித் தரகருக்கு ஆள் அனுப்பியும் விட்டாள். அப்புறம் ஒரு புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, ஒரு குடையும் துணிப்பையுமாக அந்த அம்மா தனியாக வாசலில் வந்து நின்றார். லோக்கலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து சந்து சந்தாகக் கேட்டு நடந்தே வந்திருக்கிறார். எனக்கு பார்லரில் வார விடுமுறை, அக்கா மகளும் அன்று வீட்டில் இருந்தாள். அக்கா பதறிப்போய் வாங்க வாங்க என்றாள். அண்ணாச்சி எங்கே என்று கேட்டார். வேலைக்குப் போயிருக்கிறார், ஆறு மணியாகும், என்னிடம் சொல்லுங்களேன் என்றாள் அக்கா. "இல்ல, அவரு முன்னாலதான் சொல்லணும். இருக்கேன்" என்று சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். நாலு மணி நேரம். அக்கா மகள்தான் ஃபேனை அவர் பக்கம் திருப்பிவைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், மழைச்சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்தினாள். அக்காவும் நானும் அடுக்களைக்கும் கூடத்துக்குமாக நடந்து நடந்து கால் வலித்ததுதான் மிச்சம்.

ஆறரைக்கு அத்தான் வந்தார். கையில்லாத முழங்கை மடிப்பில் சாப்பாட்டுப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, நனைந்த தலையை இடது கையால் துடைத்தபடி உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றார். ரெண்டு மணியிலேருந்து இருக்காங்க என்று அக்கா சொல்ல, அந்த அம்மா எழுந்தார். "அண்ணாச்சி, அன்னைக்கு ஆத்திரத்துல சொல்லிட்டேன். வீட்டுக்குப் போயி ராத்திரி பூரா எம் மகன் முகத்த ஏறிட்டுப் பாக்க முடியல. நானும் ஒரு பொம்பளப் பிள்ளையக் கட்டிக் குடுத்தவ. அந்த வார்த்தை எவளாவது எம் பிள்ளையப் பாத்துச் சொல்லிருந்தா நா வெளக்குமாத்தத் தூக்கிருப்பேன். நீங்க மரியாதையா வந்து கேட்டீங்க. வாய் வரல எனக்கு. இப்ப சொல்லுதேன். உங்க பிள்ள கேக்கச் சொல்லுதேன். நா சொன்னது தப்பு, தப்புதான்" என்றார். கையில் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஸ்கூலில் டீச்சர் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

அத்தான் பையை இறக்கிவைத்தார். அதுவரைக்கும் அவரை அம்மா என்றுதான் அழைத்துவந்தார். "நின்னுக்கிட்டே இருக்கீங்களே மதினி, உக்காருங்க" என்றார். சம்பந்தம் செய்துகொண்ட வீட்டுப் பெண்ணைத்தான் எங்கள் பக்கத்தில் அப்படிக் கூப்பிடுவோம். அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள். அத்தான் உள்பக்கம் திரும்பி, ஒரு மாதமாகக் காணாமல்போயிருந்த அந்தப் பழைய சத்தத்தில், "ஏட்டி, உங்க அத்தை நாலு மணி நேரமா பச்சத் தண்ணியோட உக்காந்திருக்காங்களே, ஒரு காப்பி போடத் தெரியாதா உனக்கு?" என்று மகளைக் கூப்பிட்டார்.

"வெறுந்தண்ணி இல்லப்பா, ரெண்டு தடவ காப்பி குடுத்தேன். நீங்க வந்த பெறகுதான் குடிப்பேன்னுட்டாங்க" என்றாள் அவள் அடுக்களையிலிருந்து. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.